விதிநூல் யாருடைய மொழியில்?

ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் இந்தியப் பெருநகரங்களின் பலகை விளையாட்டு ஆர்வலர்களுக்கு ஒரு திருவிழா வந்துவிடுகிறது. ஜெர்மனியின் ‘ஷ்பீல் டெஸ் யாரெஸ்’, அதாவது ‘ஆண்டின் ஆட்டம்’ என்னும் விருது அறிவிக்கப்படும் மாதம் அது. அறிவிப்பு வந்த சில மணி நேரத்திற்குள் பெங்களூரு, மும்பை, தில்லி, ஐதராபாத் ஆகிய நகரங்களின் ஆர்வலர் குழுக்களில் வாழ்த்துகளும் வாக்குவாதங்களும் நிரம்பி வழிகின்றன. பெட்டி எப்போது இறக்குமதியாகும், விலை என்னவாக இருக்கும், இருவர் மட்டும் ஆட முடியுமா என்ற கேள்விகள் அடுத்தடுத்து எழுகின்றன. இந்த உற்சாகத்தில் குறை காண ஒன்றுமில்லை. குறை, அதன் வால்பிடித்துத் தவறாமல் வரும் ஒரு வாக்கியத்தில் இருக்கிறது: “இந்தியாவில் போர்டு கேம் பண்பாடே கிடையாது.”

இந்த வாக்கியம் பொய். அது மட்டுமன்று, இதைச் சொல்பவர்கள் தாங்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் விருதையே சரியாகப் படிக்கவில்லை என்பதற்கு இதுவே சான்று.

அந்த விருது எதற்காகத் தரப்படுகிறது? நடுவர் குழு அறிவித்துள்ள அளவுகோல்கள் நான்கு. முதலாவது, ஆட்டத்தின் அடிப்படைக் கருத்து. இரண்டாவது, விதிகளின் அமைப்பு: அவை ஒழுங்காக வகுக்கப்பட்டுள்ளனவா, தெளிவாக உள்ளனவா, படிப்பவருக்குப் புரிகின்றனவா என்பது. மூன்றாவது, பெட்டி, பலகை, விதிநூல் ஆகியவற்றின் காட்சி அமைப்பு. நான்காவது, ஆட்டப் பொருள்களின் பயன்பாடும் வேலைப்பாடும். இவற்றுள் இரண்டாவதை மீண்டும் ஒருமுறை படிப்பது நல்லது. உலகின் மிகப் புகழ்பெற்ற விளையாட்டு விருது, ஓர் உரைநடைப் பிரதியின் தெளிவுக்கும் மதிப்பெண் இடுகிறது. அந்தப் பிரதி எந்த மொழியில் இருக்க வேண்டும்? ஜெர்மன் மொழியில். ஜெர்மன் பேசும் நாடுகளின் சந்தையில், ஜெர்மன் விதிகளோடு வெளிவந்த ஆட்டங்களே போட்டியில் கருதப்படுகின்றன.

விருதை 1978-இல் தொடங்கியவர்கள் வணிகர்கள் அல்லர். ஜெர்மன் மொழியில் விளையாட்டு விமரிசனம் எழுதிவந்தவர்கள். விளையாட்டுத் தொழிலோடு பணத்தொடர்பு உடையவர்கள் இன்றும் நடுவராக இருக்க முடியாது. வெற்றி பெறுபவருக்குப் பரிசுத் தொகையும் இல்லை. பெட்டியின்மேல் சிவப்புக் காய் பொறித்த முத்திரையை இட்டுக்கொள்ளும் உரிமைதான் பரிசு. அதற்கும் பதிப்பாளர் கட்டணம் செலுத்த வேண்டும். அந்தக் கட்டணத்தில்தான் விருதுக் கழகம் இயங்குகிறது. ஆயினும் அந்த முத்திரைக்காகப் பதிப்பாளர்கள் தவம் கிடக்கிறார்கள். முத்திரை பெற்ற ஆட்டம் லட்சக்கணக்கில் விற்கிறது. விமரிசகர்களின் சொல்லுக்கு ஒரு மொழிச்சமூகம் தரும் மதிப்பு அது.

1979-இல் முதல் விருது யாருக்குச் சென்றது? ஓர் ஆங்கிலேயருக்கு. டேவிட் பார்லெட் உருவாக்கிய முயலும் ஆமையும் ஆட்டம் பிரிட்டனில் 1974-லேயே வெளிவந்திருந்தது. அது ஜெர்மன் பதிப்பாக வந்த பின்னரே ஜெர்மன் விருதுக்குரியதாயிற்று. அதன் பின்னும் இதே கதைதான். 2004-இல் விருது பெற்ற ‘டிக்கெட் டு ரைடு’ ஆட்டத்தின் ஆலன் மூன் பிரிட்டனில் பிறந்தவர். 2013-இல் ‘ஹனாபி’க்காக வென்ற அந்துவான் போசா பிரெஞ்சுக்காரர். 2016-இல் ‘கோட்நேம்ஸ்’ ஆட்டத்திற்காக வென்ற விளாடா க்வாட்டில் செக் நாட்டவர். ஆக்கியவரின் நாடு எதுவென்று நடுவர்கள் கேட்கவில்லை. ஆடுபவரின் மொழியில் அது தெளிவாகப் பேசுகிறதா என்று கேட்டார்கள். இந்த விருதின் உயிர்நிலை இதுவே. இந்திய ஆர்வலர் இறக்குமதி செய்யாமல் விட்டுவைத்ததும் இதையே.

ஜெர்மன் மொழி இன்னொரு செய்தியையும் சொல்லித் தருகிறது. ஆட்டத்தை உருவாக்குபவரை ஆங்கிலம் ‘டிசைனர்’ என்கிறது. ஜெர்மன் மொழியோ ‘ஆட்டோர்’, அதாவது ‘நூலாசிரியர்’ என்கிறது. 1988-இல் நூர்ன்பெர்க் பொம்மைச் சந்தையின்போது 13 ஆட்ட ஆசிரியர்கள் கூடி, பெட்டியின்மேல் தம் பெயர் அச்சிடாத பதிப்பாளருக்கு இனி ஆட்டம் தருவதில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். எழுதிய இடம், பியர்க் குவளையின் அடியில் வைக்கும் ஓர் அட்டை. நாவலுக்கு ஆசிரியர் உண்டு என்றால் ஆட்டத்திற்கும் உண்டு என்ற உரிமைக் குரல் அது. விளையாட்டு ஒரு பிரதி; அதற்கு ஆசிரியர் உண்டு, வாசகர் உண்டு, விமரிசகர் உண்டு. இந்த மூவரும் ஒரே மொழியில் சந்தித்துக்கொண்டதால்தான் ஜெர்மனியில் ஒரு விளையாட்டுப் பண்பாடு வளர்ந்தது.

இனி இந்திய மேசைக்கு வரலாம். விடுமுறை நாள் மாலை. நகரத்துப் பேரன் விலையுயர்ந்த பெட்டி ஒன்றைத் திறக்கிறான். சுற்றிலும் பாட்டி, அத்தை, ஊரிலிருந்து வந்திருக்கும் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் தங்கை. பெட்டிக்குள் பளபளக்கும் காய்கள், தடித்த அட்டைகள், 12 பக்க ஆங்கில விதிநூல். அவன் படிக்கிறான், பிறகு அவன் சொல்கிறான், மற்றவர்கள் கேட்கிறார்கள். ஆட்டத்தின் நடுவே ஐயம் எழுந்தால் நூலைப் புரட்டுபவனும் அவனே, தீர்ப்புச் சொல்பவனும் அவனே. பெரும்பாலும் வெற்றி பெறுபவனும் அவனே. இரண்டாம் ஆட்டத்திற்குப் பாட்டி எழுந்து சென்றுவிடுகிறார். “நம்ம ஆளுங்களுக்கு இதிலெல்லாம் ஆர்வம் இல்லை” என்று அவன் குழுவில் பதிவிடுகிறான். பண்பாடே இல்லை என்ற தீர்ப்பு இப்படித்தான் பிறக்கிறது.

விதிகளை எடுத்துச் சொல்பவருக்கு ஜெர்மன் ஆர்வலர்கள் கேலியாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: ‘விளக்கக் கரடி’ என்று அதைத் தமிழாக்கலாம். ஆனால் ஜெர்மன் மேசையில் கரடி தவறாகச் சொன்னால், எதிரே இருக்கும் பாட்டி விதிநூலை எடுத்துப் படித்துக் கரடியைத் திருத்த முடியும். இந்திய மேசையில் முடியாது. அங்கே கரடியின் வாயே சட்டம். ஆட்டத்தின் அழகு, அரசனும் ஆண்டியும் ஒரே விதிக்குக் கட்டுப்படுவதில் இருக்கிறது. அந்த விதியை மேசையில் ஒருவர் மட்டுமே படிக்க முடியுமானால், மற்றவர்கள் சக ஆட்டக்காரர்கள் அல்லர்; அவருடைய விருந்தாளிகள்.

இது விளையாட்டோடு நிற்கும் சிக்கலும் அன்று. அரசமைப்புச் சட்டத்தின் 348ஆம் உறுப்பு, நாடாளுமன்றம் வேறு வகை செய்யாத வரையில் உச்ச நீதிமன்றத்தின், உயர் நீதிமன்றங்களின் நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்கிறது. விதி ஆங்கிலத்தில், விளக்கம் தாய்மொழியில். இது இந்தியக் குடிமக்களின் வாழ்வில் ஊறிப்போன ஏற்பாடு. வங்கிப் படிவமும் காப்பீட்டு ஒப்பந்தமும் மருந்துச் சீட்டும் இப்படித்தான் வந்து சேர்கின்றன. படிக்கத் தெரிந்த ஒருவர் எப்போதும் இடையில் நிற்கிறார். வேறு போக்கிடம் இல்லாத நீதிமன்றத்தில் இதைப் பொறுத்துக்கொள்பவர், விரும்பி உட்கார்ந்த விளையாட்டு மேசையிலும் ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்? விளையாட்டிலேயே விதியைத் தானாகப் படித்துக் கேள்வி கேட்டுப் பழகாத குழந்தை, பிறகு எங்கே பழகப்போகிறது?

இதற்கு ஆர்வலர்கள் தரும் மறுப்புகள் மூன்று.

முதல் மறுப்பு: “நல்ல ஆட்டங்களில் பலகையில் சொல்லே இருக்காது, எல்லாம் குறிகள்தான்.” பாதி உண்மை. 2001-இல் விருது பெற்ற ‘கார்கசோன்’ ஆட்டத்தின் ஓடுகளிலும் 2018-இல் விருது பெற்ற ‘அசூல்’ ஆட்டத்தின் வண்ணச் சில்லுகளிலும் படிக்க எழுத்து ஏதும் இல்லை. ஆனால் அந்தச் சில்லை எப்போது எடுக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்பதைச் சில்லு சொல்லாது. குறி ஒன்றைக் குறிப்பதற்கே அதன் பொருளை மொழியால் உடன்பட்டிருக்க வேண்டும். உண்மையில் இந்த மறுப்பு எதிர்த்தரப்புக்கே வலுச் சேர்க்கிறது. பலகையும் காய்களும் எந்த மொழியாருக்கும் பொது என்றால், மொழிபெயர்க்க வேண்டியது சில பக்க விதிநூல் மட்டுமே. அவ்வளவு சிறிய வேலையும் நடக்கவில்லை என்பதற்குச் செலவு காரணமாக இருக்க முடியாது, அலட்சியமே காரணம்.

இரண்டாவது மறுப்பு: “இந்த ஆட்டங்களை ஆடுபவர்கள் எல்லாருக்கும் ஆங்கிலம் தெரியும்.” ஆங்கில வாயில் வழியாக வந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, வந்தவர்கள் எல்லாருக்கும் ஆங்கிலம் தெரிகிறது என்று வியப்பது எந்த ஆய்வு முறை? முதலாண்டு மாணவர் இப்படி ஒரு மாதிரியெடுப்பைக் கொண்டுவந்தால் நெறியாளர் திருப்பி அனுப்பிவிடுவார்.

மூன்றாவது மறுப்பு: “சந்தை இல்லை.” 1978-இல் ஜெர்மன் விமரிசகர்கள் சந்தையைக் கேட்டுவிட்டுத் தொடங்கவில்லை, அவர்கள் எழுதியதால் சந்தை விரிந்தது. இன்று எசென் நகரில் ஆண்டுதோறும் அக்டோபரில் கூடும் விளையாட்டுச் சந்தைக்கு இரண்டு லட்சம் பேர் அளவில் வருகிறார்கள். ஆர்வலர்கள் நாள்தோறும் நுழைந்து மதிப்பெண் இடும் போர்ட்கேம்கீக் தளத்திலேயே, வேறு நாடுகளின் ஆர்வலர்கள் சம்பளமின்றித் தம் மொழியில் பெயர்த்த விதிநூல்கள் குவிந்து கிடக்கின்றன. அவர்களும் மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள்தான். அவர்களுக்கும் வாரம் ஏழு நாள்தான். இந்திய ஆர்வலர் தம் அலமாரியின் படத்தை ஏற்றும் நேரத்தில் அவர்கள் ஒரு பக்கத்தைத் தம் மொழிக்குக் கொண்டுவந்தார்கள். வேறுபாடு இவ்வளவே.

உண்மையில் இந்திய ஆர்வலர் பலருக்கு விருதின் உள்நோக்கம் பிடிப்பதில்லை என்பதற்கு 2002ஆம் ஆண்டே சாட்சி. அவ்வாண்டு ‘புவேர்த்தோ ரிக்கோ’ என்ற கடினமான பொருளியல் ஆட்டம் இறுதிப் பட்டியலில் இருந்தது. ஆனால் மரத்தூண்களை அடுக்கிக் கோபுரம் எழுப்பும் ‘வில்லா பலேட்டி’ விருதை வென்றது. உலகெங்கும் தீவிர ஆர்வலர்கள் இன்றுவரை இதைச் சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்படுகிறார்கள். நடுவர்கள் பாட்டியையும் பேரனையும் ஒரே மேசையில் உட்கார வைக்கும் ஆட்டத்தைத் தேடினார்கள்; ஆர்வலர்களோ தங்கள் அறிவுக்கு யாராவது சான்றிதழ் தர வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். பிறகு, தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கென 2011-இல் தனி விருது ஒன்று ஏற்படுத்தப்பட்டது. ஆனால் சிவப்புக் காய் இன்னும் குடும்பத்தாருக்கே உரியது. அதைப் பெட்டியில் கண்டு வாங்கிவிட்டு, குடும்பத்தார் படிக்க முடியாத மொழியில் அதைத் திறப்பதுபோல் முரண் வேறில்லை.

இந்த இடத்தில் இன்னொரு தரப்பு கைதட்டக் காத்திருக்கும். “சதுரங்கம் நம்முடையது, பச்சீசி நம்முடையது, பாம்பும் ஏணியும் நம்முடையது, வெள்ளைக்காரன் விருது நமக்கு எதற்கு?” என்று கேட்கும் தரப்பு. இவர்கள் மகிழ வேண்டாம். குற்றப்பத்திரிகையில் இவர்களுக்கும் இடம் உண்டு.

பச்சீசி இந்தியாவினுடையது என்பதில் ஐயமில்லை. பத்தேப்பூர் சிக்ரியின் முற்றத்தில் அதன் கட்டங்கள் தரையிலேயே பதிக்கப்பட்டுள்ளன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து அதை எளிமையாக்கி ‘லூடோ’ என்று பெயரிட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனி அதைத் தன் வீட்டுப்பிள்ளையாக்கி, ‘மனிதா, எரிச்சல் படாதே’ என்னும் பொருள்பட ஜெர்மன் மொழியிலேயே ஒரு பெயரும் வைத்தது. இந்தியாவோ தன் ஆட்டத்தை லூடோ என்ற லத்தீன் பெயரில், ஆங்கில விதி அச்சிட்ட அட்டையில் கடையில் திரும்ப வாங்கியது. பிறந்த வீட்டுப் பெருமை பேசுபவர்கள் இந்த ஒரு செய்திக்கு விடை சொல்லட்டும்.

மைசூரின் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் 19ஆம் நூற்றாண்டில் பலகை ஆட்டங்களைத் தாமே வகுத்தவர். அதற்கும் ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே சாளுக்கிய மன்னன் சோமேசுவரனின் ‘மானசோல்லாசம்’ விளையாட்டுகளை விரித்துப் பேசியது. இவை அருமையான செய்திகள். ஆனால் 12ஆம் நூற்றாண்டின் ஆட்டத்தைச் சொல்லி 21ஆம் நூற்றாண்டின் வெற்றிடத்தை நிரப்ப முடியாது. 2021-இல் ஒன்றிய அரசு ‘டாய்கத்தான்’ என்ற போட்டியை நடத்தியது. இந்தியப் பண்பாடும் வரலாறும் அதன் கருப்பொருள்களுள் அடங்கும். போட்டி நடத்துவது எளிது. வெளிவந்த ஆட்டத்தை வாங்கி, ஆடி, அதன் விதி ஒழுங்காக எழுதப்பட்டுள்ளதா என்று மராத்தியிலோ வங்காளத்திலோ தமிழிலோ கண்டிப்போடு விமரிசனம் எழுதுவது கடினம். பெருமைக்கு விமரிசனம் தேவையில்லை, பண்பாட்டுக்குத் தேவை.

திண்ணையின் பொற்காலத்தைப் பாடுவோரும் சற்றுப் பொறுக்க வேண்டும். தாயமும் பல்லாங்குழியும் ஆடுபுலியும் பேச்சுமொழியில் வாழ்ந்தவை; விதி எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் சண்டையிடலாம். அந்த அளவில் அது இன்றைய ஆங்கில மேசையைவிடச் சமத்துவமானது. ஆனால் அந்தத் திண்ணையில் யார் உட்காரலாம் என்பதைச் சாதி முடிவு செய்தது. எந்த ஆட்டம் ஆணுக்கு, எது பெண்ணுக்கு என்பதைக் குடும்பம் முடிவு செய்தது. வாய்மொழி விதி, அறிந்தவர் வட்டத்துக்குள்ளேயே சுழலும். எழுதப்பட்ட விதியின் பெருமை, முன்பின் தெரியாதவர்களையும் ஒரே மேசைக்கு அழைக்க முடிவது. எவரும் படிக்கக்கூடிய மொழியில், எவரும் எடுத்துப் பார்க்கக்கூடிய விதிநூல் என்பது திண்ணையும் தராத, உணவகத்து ஆங்கில மேசையும் தராத மூன்றாவது வழி.

இப்போது பல்கலைக்கழகங்களின் முறை. மொழியியல் துறையின் முதல் பருவத்தில் சொசூரின் சதுரங்க உவமையைச் சொல்லாத வகுப்பு இராது. காய் மரத்தால் ஆனதா தந்தத்தால் ஆனதா என்பது அமைப்பைப் பாதிக்காது. காய்களின் எண்ணிக்கையைக் குறைத்தாலோ கூட்டினாலோ ஆட்டத்தின் இலக்கணமே மாறிவிடும் என்ற அந்த விளக்கத்தைத் தேர்வில் எழுதாத மாணவர் இரார். மெய்யியல் துறையில் விட்கென்ஸ்டைனின் ‘மொழி விளையாட்டு’ மனப்பாடம். பலகை ஆட்டம், சீட்டாட்டம், பந்தாட்டம் என வரிசைப்படுத்தி அவற்றுக்குப் பொதுவானது எது என்று அவர் கேட்ட கேள்வியை மேற்கோள் காட்டாத ஆய்வேடுகள் அரிது. இவர்கள் யாரும் ஓர் ஆட்டத்தை ஆட்டமாகப் பார்ப்பதில்லை. உவமையாக வந்தால் விளையாட்டு உயர்ந்தது. ஆய்வுப் பொருளாக வந்தால் சிறுபிள்ளைத்தனம். ஒரு மாணவி பலகை விளையாட்டு விதிகளின் மொழிநடையை முனைவர் பட்டத்திற்கு முன்மொழிந்தால் குழுவிலிருப்போர் முகத்தில் வரும் புன்னகையை ஊகிப்பது கடினமன்று.

விளையாட்டைப் பண்பாட்டின் ஊற்றாகக் கண்டு 1938-இல் ‘ஹோமோ லூடன்ஸ்’ எழுதிய ஹுய்சிங்கா, வடமொழி கற்றவர். 1897-இல் அவர் பெற்ற முனைவர் பட்டத்தின் பொருள் இந்திய நாடகத்தின் விதூடகன். தம் நூலில் விளையாட்டைக் குறிக்கும் சொற்களுக்கென ஓர் இயலே ஒதுக்கிக் கிரேக்கம், வடமொழி, சீனம், ஜப்பானியம் என்று ஆராய்ந்தார். போரிலும் வழக்கிலும் விளையாட்டின் கூறு இருப்பதாக வாதிட்டார். உரையாடு, வாதாடு, போராடு, மன்றாடு, கொண்டாடு என்று பேச்சையும் வழக்கையும் போரையும் வேண்டுதலையும் விழாவையும் ‘ஆடு’ என்ற ஒரே வினையில் கோத்து வைத்திருக்கும் தமிழ் அவருக்கு எவ்வளவு பெரிய சான்றாக இருந்திருக்கும்! உவகை பிறக்கும் களங்கள் நான்கனுள் ஒன்றாக விளையாட்டைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்ணுகிறது. இவ்வளவு முதலும் கையில் இருக்க, விளையாட்டு ஆய்வுக்கு உரியதன்று என்று சொல்லத் தமிழ்ச் சூழலின் அறிஞருக்கு எங்கிருந்து துணிவு வந்தது?

ஆய்வுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், முன்சொன்ன ‘கோட்நேம்ஸ்’ ஆட்டத்தைத் தமிழில் ஆடிப் பார்க்கட்டும். மேசையில் 25 சொற்கள் பரப்பப்பட்டிருக்கும். குழுத்தலைவர் ஒரு சொல்லும் ஓர் எண்ணும் மட்டுமே துப்பாகத் தரலாம். ஒரு சொல்! ஆங்கிலத்திலேயே கூட்டுச்சொற்கள் சேர்த்தும் பிரித்தும் இடைக்கோடு இட்டும் எழுதப்படுவதால் எது ஒரு சொல் என்ற குழப்பம் எழுகிறது. அதன் விதிநூல் இதைத் தனியே எடுத்துப் பேசுகிறது. தமிழில் ‘உண்ணாதவர்கள்’ என்று ஒருவர் துப்புத் தந்தால் அது ஒரு சொல்லா? எதிர்மறை, உயர்திணை, பன்மை எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஒரு முழு வாக்கியத்தையே கடத்திவிட்டார் என்று எதிரணி முறையிடலாம். ‘மழைநீர்’ ஒரு சொல்; ‘மழை நீர்’ இரண்டு; வாயால் சொல்லும்போது வேறுபாடு எங்கே? மேசையில் ‘கண்ணாடி’ இருக்கும்போது ‘கண்’ என்று துப்புத் தரலாமா? இலக்கணம் அதைக் கண், ஆடி என்று பிரிக்கும். பேசுபவரின் மனம் பிரிக்கிறதா? சொல் என்றால் என்ன என்று உருபனியல் பாடத்தில் ஒரு பருவம் முழுக்கக் கேட்கப்படும் கேள்வியை இந்த ஆட்டம் அரை மணி நேரத்தில் மேசையில் போட்டு உடைக்கிறது.

2019-இல் விருது பெற்ற ‘ஜஸ்ட் ஒன்’ இன்னும் கூர்மையானது. ஒருவர் கண்டுபிடிக்க வேண்டிய சொல்லுக்கு மற்றவர்கள் ஆளுக்கொரு துப்பை மறைவாக எழுத வேண்டும். ஒரே துப்பை இருவர் எழுதியிருந்தால் இரண்டும் நீக்கப்படும். ஒரே சொற்குடும்பத்தைச் சேர்ந்தவையும் ஒன்றாகவே கொள்ளப்படும். கண்டுபிடிக்க வேண்டிய சொல் ‘கிணறு’ என்று கொள்வோம். ஒருவர் ‘தண்ணீர்’ என்றும், ஒருவர் ‘தண்ணி’ என்றும், ஒருவர் ‘நீர்’ என்றும், ஒருவர் ‘ஜலம்’ என்றும் எழுதுகிறார்கள். எவை ஒன்று, எவை வேறு? ‘தண்ணி’ பிழையா, வடிவமா? ‘ஜலம்’ என்று எழுதியவரின் வீடு மேசையில் இருப்பவர்களுக்கு அந்தக் கணமே தெரிந்துவிடுகிறது. எழுத்து வழக்கு, பேச்சு வழக்கு, வட்டாரம், சாதி எல்லாம் நான்கு சிறு பலகைகளில் நிற்கின்றன. இந்த விதியை ஆங்கிலத்திலிருந்து பெயர்த்துவிட்டால் போதாது. தமிழுக்கென்று புதிதாக எழுத வேண்டும். அதை எழுதத் தகுதி பெற்றவர்கள் மொழியியல் மாணவர்கள். அவர்கள் எங்கே?

கலைச்சொல் இல்லை என்ற சாக்கும் செல்லாது. காய், கட்டம், பகடை, முறை, வெட்டு ஆகியவை எல்லாருக்கும் தெரிந்த சொற்கள். தாயத்தில் காயை இறக்குவார்கள். வெட்டுப்படாத கட்டத்தை ‘மலை’ என்பார்கள். சுற்றி முடித்த காய் ‘பழம்’ ஆகும். காய் பழமாவது என்பதைவிட அழகான ஆட்டக் கலைச்சொல்லை எந்த அகராதிக் குழு உருவாக்கியிருக்க முடியும்? இவற்றை ஊர் ஊராகத் தொகுத்து, புதிய ஆட்டங்களின் விதிகளில் ஆண்டு பார்ப்பது ஒரு நல்ல களப்பணி. அரசாணை நடையில் ‘மேற்படி ஆட்டக்காரர்’ என்று எழுதாமல், குழந்தைக்கும் புரியும் ஏவல் நடையை உருவாக்குவது இன்னொரு பணி.

மொழி இல்லாத இடத்தில் விமரிசனமும் இல்லை. ‘தாஜ் மஹால்’, ‘கோவா’, ‘மஹாராஜா’, ‘ஜெய்ப்பூர்’, ‘ராஜாஸ் ஆஃப் தி கேஞ்சஸ்’ என்று ஐரோப்பியர்கள் இந்தியப் பெயர்களில் ஆட்டங்களை அடுக்கியிருக்கிறார்கள். 2004-இல் வந்த ‘கோவா’வில் ஆடுபவர்கள் 16ஆம் நூற்றாண்டின் வணிகர்களாகி நறுமணப் பொருளும் கப்பலும் குடியேறிகளும் திரட்டுகிறார்கள், கோவாவின் மக்கள் எங்கே என்று பலகை கேட்பதில்லை. ‘புவேர்த்தோ ரிக்கோ’வில் கப்பலில் வந்திறங்கித் தோட்டங்களில் உழைக்கும் பழுப்பு வட்டுகளுக்குக் ‘குடியேறிகள்’ என்று பெயர். அவர்கள் உண்மையில் யார் என்ற கேள்வியை மேற்கத்திய ஆய்வாளர்களே எழுப்பினார்கள். மேரி ஃபிளானகனும் மிக்கேல் யாக்கோப்சனும் 2023-இல் காலனிய ஆட்டங்களைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார்கள். காலனியத்தைப் பற்றிக் கருத்தரங்கம் கருத்தரங்கமாகப் பேசும் இந்தியத் துறைகள், காலனியம் பொழுதுபோக்காக மாணவர் விடுதியின் மேசைமேலேயே நடப்பதைக் காணவில்லை. இந்திய ஆர்வலரோ தம் நாட்டுப் பெயரைப் பெட்டியில் பார்த்த மகிழ்ச்சியில் மதிப்பெண் இட்டுவிட்டுப் போனார்.

ஆகவே செய்ய வேண்டியது பெரிய திட்டமோ அரசு நிதியோ வேண்டுவதன்று. ஓர் ஆர்வலர் தம்மிடம் உள்ள ஐம்பது பெட்டிகளுள் ஒன்றைத் தேர்ந்து, பதிப்பாளரின் இசைவு கேட்டு, அதன் விதிகளைத் தம் மொழியில் எழுதட்டும். எழுதியதைத் தாம் விளக்காமல், படிக்கக் கொடுத்துவிட்டு விலகி உட்காரட்டும். எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறித்துக்கொண்டு திருத்தட்டும். ஒரு துறை, தன் மாணவர்களின் மொழிபெயர்ப்புப் பயிற்சியில் ஒரு விதிநூலைச் சேர்க்கட்டும். தவறாகப் பெயர்த்தால் ஆட்டம் நடக்காது என்பதைவிடக் கடுமையான தேர்வு வேறில்லை. ஒரு சிற்றிதழ், நூல் மதிப்புரைக்கு அருகில் ஓர் ஆட்ட மதிப்புரைக்கு இரண்டு பக்கம் ஒதுக்கட்டும். இம்மூன்றும் நிகழ்ந்து சில ஆண்டுகள் கழிந்த பின், இந்திய மொழிகளில் ஒரு விருது தானாகவே தேவைப்படும். அதற்கு முன் ஏற்படுத்தும் விருது வெறும் பொன்னாடை.

அதுவரை, “இந்தியாவில் போர்டு கேம் பண்பாடே கிடையாது” என்று எழுதும் ஒவ்வொருவரும் அதே இடத்தில் ஒரு கேள்விக்கும் விடை எழுதட்டும்: அலமாரியில் இருக்கும் பெட்டிகளுள் எத்தனையின் விதிநூலைப் பாட்டி தாமே படித்து, “நீ சொன்னது தப்பு” என்று சொல்ல முடியும்?